தங்கச்சி பொண்ணு

ஜூன் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அத்தானுக்கு முதுகு வலி இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்? நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே இருக்காதே. பிறகு கால் வீங்கிவிட்டது என்று புலம்புவாய்.

மைனா பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று சொன்னாய். சந்தோஷம். ஒன்பதாம் வகுப்புக்கு உன் தெருமுனைப் பள்ளியிலேயே சேர்த்துவிடு. ஏன் திடீரென்று என்று கேட்டாய். அவளுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. புத்தகத்தை எடுத்தாலே தலைவலி என்கிறாள். நீ கண் பரிசோதனை செய்கிறவள், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாய் என்றுதான் அனுப்பினேன்.

இங்கே என் பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும், உனக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் வந்து உன்னைப் பார்த்தால் இரண்டு தடவை இருமிக்கொள்.

இன்னொன்று. அவளைப் பற்றி எதுவும் போனில் பேச வேண்டாம். உன் வீடு சின்னது, எல்லாம் அவள் காதில் விழும். அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்கிறாள் என்றுதானே மைனா என்று செல்லப் பேர் வைத்தோம். கடிதமாகவே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் இன்னும் வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன். அத்தானைக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்.

மைனாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். வந்த வாரமே கடையில் உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தேன். தூரத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தனித்தனி எழுத்தாகத் தடதடவென்று சொன்னாள். என் கடையில் இப்படி ஒரு பார்வையைப் பார்த்து நாளாகிவிட்டது.

பிறகு கிட்டத்தில் வைத்துப் படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தேன். அதில் சின்னச் சின்னப் பத்திகளாக இருக்கும். 'நகராட்சியின் புதிய தலைவர் பொறுப்பேற்றுக்கொண்டார்' என்பது முதல் வரி. அவள், "நகரத்துல புதிய தலைவர் பொறுமையா இருந்தார்" என்று படித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாள். பெரிய எழுத்து அட்டையைக் கொடுத்தேன். வெளிச்சம் போதவில்லை என்றாள். எல்லா விளக்கையும் போட்டேன். அதற்கு மேல் சாக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணுல ஒண்ணும் இல்லடா. உனக்குக் கண்ணாடியே வேண்டாம்" என்றேன்.

"பவர் இல்லாட்டியும் பரவாயில்ல சித்தி. ஒண்ணு போட்டு விடுங்களேன். கண்ணாடி போட்டிருந்தா கிளாஸ்ல எழுப்பிப் படிக்கச் சொல்லும்போது, இன்னும் பவர் சரியாகலன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

அக்கா, அவளுக்கு வாசிக்க வராது. நீ மொழிப்பாடம் எடுக்கிறவள். உனக்கு இது தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எனக்கு எழுது.

தங்கை


ஜூலை 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே சரியான மழை. வகுப்பறை ஒன்று ஒழுகுகிறது என்று இரண்டு வகுப்பை ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். தொண்டை கட்டிப்போய்விட்டது. முதல் தேர்வுத் தாள்கள் வேறு மேசையில் மலையாகக் கிடக்கின்றன. போன வருடம் என் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை என்பதால் இந்த வருடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.

உன் அத்தான் மைனாவின் அறைக்குப் புது மின்விசிறி மாட்டியிருக்கிறார். அவள் இல்லாத அறைக்கு எதற்கு என்று கேட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

நீ கேட்டதற்கு: அவளுக்குச் சோம்பல். கவனம் ஓரிடத்தில் நிற்காது. மற்றபடி மூளைக்குக் குறைவில்லை. சின்ன வயதிலிருந்து தினமும் சாயங்காலம் நான் பாடத்தை உரக்கப் படிப்பேன். ஒரு தடவை கேட்டாலே அப்படியே ஒப்பிப்பாள். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்றால் சும்மாவா என்பார்கள். போன வருடம் பாடங்கள் பெரிதாகிவிட்டன, அவ்வளவுதான்.

பள்ளியில் எதுவும் சொல்லிவிடாதே. பேர் கெட்டுவிடும்.

உன் அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

தொண்டைக்கு வெந்நீர் குடி. பள்ளியில் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வந்த பிறகு என்றாலும் சொல்லியிருப்பேன்.

இங்கே இதற்கென்றே ஒரு டீச்சர் இருக்கிறார். ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஸ்கேலை வைத்து வாசிக்க வைப்பதால் பிள்ளைகள் அவருக்கு ஸ்கேல் டீச்சர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வேதியியல் கூடத்துக்குப் பின்னால் முன்பு சாமான் போட்டு வைத்த அறைதான் வகுப்பு. உள்ளே போனால் இன்னும் மருந்து நெடி அடிக்கிறது. ஒன்பதிலும் பத்திலும் மைனா மாதிரி இருக்கிறவர்கள் தினமும் ஒரு பாடவேளை அங்கே வருகிறார்கள்.

முதல் நாளே என்னை உட்கார வைத்து அவர் சொன்னது: "இவ மக்குப் பொண்ணு இல்லம்மா. எட்டு வகுப்பையும் காதாலயே பாஸ் பண்ணியிருக்கா. அதுக்கு எவ்வளவு மூளை வேணும் பாருங்க. இனிமே பாடம் பெருசு, காது தாங்காது. முதல் எழுத்தைப் பாத்து மீதிய ஊகிக்கறா. அந்தப் பழக்கத்தைத்தான் மெல்ல மாத்தணும். நாளாகும்."

நீளமான சொல்லைப் பென்சிலால் கோடு போட்டுத் துண்டாக்குகிறார்கள். முதலில் டீச்சர் வாசிக்கிறார், பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு ஜோடி ஜோடியாக. மறுநாளும் அதே பக்கம். குழந்தைக் கதை கிடையாது. மோட்டார் சைக்கிள் விளம்பரம், விபத்துச் செய்தி, பந்தாட்டம் என்று அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பிடித்ததுதான். அறிவியல் ஆசிரியர் மறுநாள் பாடத்தில் வரும் கடினமான சொற்களை முந்தின நாளே அந்த அறைக்குக் கொடுத்தனுப்புகிறார். வகுப்பில் யாரையும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை என்று ஆசிரியர்கள் பேசி வைத்திருக்கிறார்கள்.

மைனாவுக்குத்தான் கஷ்டம். அந்த அறைக்கு மற்றப் பிள்ளைகள் எல்.கே.ஜி. என்று பேர் வைத்திருக்கிறார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று விளையாட்டு மைதானத்தைச் சுற்றி, சைக்கிள் கொட்டகை வழியாக நுழைகிறாள். தினமும் செருப்பெல்லாம் சேறு. "யாராவது பாத்தா அம்மாவுக்கு அசிங்கம் சித்தி" என்கிறாள். உன் ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம், இங்கே உன்னை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். செருப்பைக் கழுவப் போய்விட்டாள்.

அக்டோபரில் பெற்றோர் கூட்டம். நீ வர வேண்டும். சித்தி வந்தால் போதாதாம்.

தங்கை


செப்டம்பர் 4

தங்கச்சிக்கு,

நலம். சேர்க்கைத் தாளில் தாயின் தொழில் என்று ஓர் இடம் இருக்கும். அதில் என்ன எழுதினாய்? ஆசிரியை என்று எழுதியிருந்தால், முடிந்தால் மாற்றச் சொல். வீட்டு வேலை என்று இருந்தால் போதும்.

கூட்டத்துக்கு வருகிறேன். அவளுக்கு இரண்டு சுடிதாரும் நல்ல செருப்பும் எடுத்து வருகிறேன்.

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? சாயங்கால பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்திருந்தவள் மத்தியானமே கிளம்பிவிட்டாய். கடையில் ஆள் இருந்ததால் என்னால் பள்ளிக்கு வர முடியவில்லை. நீ வாசலில் நின்றபடியே பையை எடுத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிப் போய்விட்டாய். சாப்பிடக்கூட இல்லை.

நீ போனதிலிருந்து மைனா அந்த அறைக்குப் போகவில்லை. ஸ்கேல் டீச்சர் கடைக்கே வந்து கேட்டார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்று காலையில்கூட எவ்வளவு உற்சாகமாக இருந்தாள் தெரியுமா? ஒரு பக்கம் முழுக்க எங்கேயும் நிற்காமல் வாசிக்கிறாளாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன் என்று நாலு நாளாக என் தூக்கத்தைக் கெடுத்து ஒத்திகை பார்த்தாள்.

நீ கொண்டுவந்த செருப்பு பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. என்ன நடந்தது அக்கா?

தங்கை


நவம்பர் 15

தங்கச்சிக்கு,

நலம். இங்கே பனி தொடங்கிவிட்டது. உன் அத்தானுக்குச் சளி. நீ கேட்டதற்கு ஒன்றும் இல்லை. வெயிலில் வந்த தலைவலிதான். மைனாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அக்கா


நவம்பர் 28

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் அளவு சரிதான். போட மாட்டேன் என்கிறாள்.

நேற்று கடையை மூடிக்கொண்டிருந்தபோது கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்தபடி, "சித்தி, இனிமே நான் உங்களை அம்மான்னு கூப்பிடவா?" என்றாள். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

நீ வெராந்தாவில் நின்றிருந்தாயாம். அந்த அறையைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி உன்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவளாம். உன்னைக் கண்டதும், "உன் கிளாஸ்ல எல்லாரும் பாஸாமே" என்று கையைப் பிடித்தாளாம். அந்த நேரம் பார்த்து மைனா பக்கத்தை விரித்துப் பிடித்தபடி வெளியே ஓடி வந்திருக்கிறாள். "உன் பொண்ணா?" என்று அந்த அதிகாரி கேட்க, "இல்ல, தங்கச்சி பொண்ணு" என்று நீ சொன்னாயாம்.

அக்கா, நான் உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது. இதிலும் திட்டத்தான் வருகிறது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேள். எதற்காகக் கடிதமாக எழுதச் சொன்னாய் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. மேசையில் போட்டு வைத்தாலும் அவளால் படிக்க முடியாது என்றுதானே? இனி அந்தக் கவலையை நீ பட வேண்டும். அவளுக்கு வாசிப்பு வர ஆரம்பித்துவிட்டது. உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா எழுதினதா? நான் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கொடுக்கிற மாதிரி நீ இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

அவள் எழுதியது இதோடு இருக்கிறது. ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

தங்கை

பெரியம்மாவுக்கு,
நலம். நான் அந்த வகுப்புக்கு போகவில்லை. அதனால் நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல தேவை இல்லை. ஸ்வெட்டருக்கு நன்றி.
இப்படிக்கு
உங்கள் தங்கச்சி பொண்ணு


ஜனவரி 6

தங்கச்சிக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவள் எழுதியதை உன் அத்தான்தான் முதலில் படித்தார். தபாலை அவர்தான் வாங்கினார். படித்துவிட்டு மேசையில் வைத்தார். "எதுக்குப் பெரியம்மான்னு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார். வெராந்தாவில் நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறார். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ முதலில் கேட்டாயே, தெரியுமா தெரியாதா என்று. தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். வேறு பிள்ளையாக இருந்தால் அதன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேன். என் பிள்ளைக்கு நானே வாயாக இருந்துவிட்டேன். அவள் ஒப்பிக்க ஒப்பிக்க, யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தது. அவளுக்கு வரவில்லையே என்ற கவலையைவிட, மொழி ஆசிரியை பெண்ணுக்கே வாசிக்க வரவில்லை என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

இப்போது வகுப்புக்குள் போனால் கண் வேறு இடத்துக்குப் போகிறது. வரிசையாக எழுந்து வாசிக்கும் நேரம் நெருங்கும்போது தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறவர்கள் எப்போதும் அதே பிள்ளைகள்தான். இத்தனை வருடமாக அவர்களுக்குத் தாகம் என்றே நினைத்திருக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து நின்றாள். முதல் எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ ஒரு சொல்லைச் சொன்னாள். வகுப்பு சிரித்தது. போன வருடம் என்றால் நானும் சிரித்திருப்பேன். உட்காரச் சொன்னேன். அதற்கு மேல் அன்று பாடம் நடத்த முடியவில்லை.

அந்த அதிகாரிக்கு எழுதிவிட்டேன். அது என் மகள்தான், வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்று. இன்னும் பதில் இல்லை. ஆசிரியர் அறையிலும் சொன்னேன். "என் தங்கச்சிக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. மைனாவுக்கு வாசிக்க வராது. அதனாலதான் அனுப்பினேன்." தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கணக்கு டீச்சர்தான் கேட்டாள்: "நீங்களே உக்கார வெச்சுச் சொல்லித் தந்திருக்கலாமே?"

நியாயமான கேள்வி. எனக்குப் பிழை திருத்தத் தெரியும். வாசிக்க வராத பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. தெரியாது என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் என் மதிப்பு என்ன ஆவது. இதை மைனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். கணக்கு டீச்சரிடம்தான் சொன்னேன்.

உள்ளே மைனாவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதலில் சின்னச் சின்னச் சொல்லாகப் பொறுக்கி எழுதினேன். படித்துப் பார்த்தால் பால்வாடிக் குழந்தைக்கு எழுதியது போல இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நீ படித்துவிட்டுக் கொடு. சரியில்லை என்றால் கொடுக்காதே.

அக்கா

மைனாவுக்கு,
அம்மா எழுதுவது. அன்று வெராந்தாவில் நீ செய்தது தவறு ஒன்றும் இல்லை. நான் செய்ததுதான் தவறு. எனக்கு உன்னைப் பற்றி வெட்கமாக இருந்தது. இப்போது என்னைப் பற்றித்தான் வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே சரி என்பாய், நான் நிம்மதியாகிவிடுவேன். நீ வாசிக்க வைத்திருந்த பக்கத்தை நான் கேட்கவே இல்லை. உன் வகுப்புக்குப் போ. எனக்காகப் போகாதே, உனக்காகவும் போக வேண்டும் என்று தோன்றாவிட்டால் சித்தியிடம் சொல். இந்தக் கடிதத்தை யாரும் உனக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.
அம்மா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நலம். அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல்.

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். வெகுநேரம் ஆனது. எட்டிப் பார்த்தேன், பென்சிலை எடுத்து உன் சொற்களுக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. கீழே வந்து, "இது என்ன சித்தி, 'நிம்மதியாகிவிடுவேன்'தானே?" என்று ஒரு சொல்லை மட்டும் சரிபார்த்துக்கொண்டாள். ஆமாம் என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அடுத்த நாளும் அதை எடுத்துப் படித்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஸ்கேல் டீச்சர் கடைக்கு வந்தார். மைனா வந்துவிட்டாளாம். மூன்று மாதம் விட்டதில் கொஞ்சம் பின்னால் போயிருக்கிறாள், ஆண்டுத் தேர்வுக்குள் பிடித்துவிடலாம், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது என்றார். கேள்வித்தாளுக்குக் கூடுதல் நேரம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்.

உனக்குப் பதில் எழுதச் சொன்னேன். "எழுதும்போது எழுதறேன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. நீயும் காத்திரு.

தங்கை


மே 10

அம்மாவுக்கு,

நலம். அப்பாவுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? சித்தி நலம்.

ரிசல்ட் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கு போகிறேன். மொழிப்பாடத்தில் தான் ரொம்ப குறைவு, பாஸ் மட்டும். அறிவியலில் நல்ல மார்க். கேள்வித்தாளை நானே படித்தேன். வரலாற்றில் கடைசி கேள்வியை விட்டுவிட்டேன். தெரியாமல் இல்லை, நேரம் முடிந்துவிட்டது. வெளியே வந்து ஸ்கேல் டீச்சரிடம் சொன்னேன், சிரித்தார். நேரம் பத்தவில்லை என்று நான் சொன்னால் இப்போது அது நிஜம்.

இந்த கடிதம் எழுத மூன்று நாள் ஆனது. பிழை இருக்கும். சித்தியிடம் திருத்த கொடுக்கவில்லை. நீங்களும் திருத்த வேண்டாம்.

லீவுக்கு ஊருக்கு வா என்று அப்பா போனில் சொன்னார். வருகிறேன். ஆனால் பத்தாம் வகுப்பும் இங்கேயே படிக்கிறேன். அங்கே வந்தால் நீங்கள் பாடத்தை படித்து காட்டுவீர்கள், நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுவேன். அது சுலபம், அதனால் தான் பயமாக இருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். அவனும் கொட்டகை வழியாகத்தான் வருகிறான். என்னோடு நேர் வழியில் வா என்று சொன்னேன், இன்னும் வரவில்லை.

ஜூலையில் பெற்றோர் கூட்டம். வாருங்கள். அந்த பக்கத்தை இப்போது வாசிக்க மாட்டேன், அது பழசு. வேறு ஒன்று வைத்திருக்கிறேன். வெராந்தாவில் யாராவது வந்து நீங்கள் யார் என்று கேட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நிற்பேன். நீங்களே சொல்லுங்கள்.

மைனா